பிரஷர் மாத்திரையோடு ஆஸ்பிரினும் சேர வேண்டுமா?

ரத்தக்கொதிப்புக்கு மருந்து எடுக்கும் பலரின் மாத்திரை டப்பாவில் அம்லோடிபின், டெல்மிசார்ட்டனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு எகோஸ்பிரின் 75-உம், அதாவது 75 மி.கி. ஆஸ்பிரினும், இருக்கும். சிலருக்கு அது காரணத்தோடு எழுதப்பட்டது: நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கும், அல்லது ஒருமுறை வாய் கோணி, கை இழுத்துச் சரியாகியிருக்கும். சிலருக்குப் பல வருடத்துக்கு முன் யாரோ எழுதியது, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு சிலர் ‘ரத்தம் மெலிசா இருக்கட்டும்’ என்று தாங்களாகவே ஆரம்பித்தவர்கள். மாத்திரை ஒன்றுதான், மூன்று பேருக்கும் கணக்கு வேறு.

இதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வராத, பிரஷர் மட்டும் உள்ளவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஆஸ்பிரின் இல்லாமல் பிரஷரைக் கறாராகக் கட்டுக்குள் வைப்பது ஒன்று. அதோடு தினமும் 75 அல்லது 100 மி.கி. ஆஸ்பிரின் சேர்ப்பது இன்னொன்று. ஆஸ்பிரினை விட்டுவிட்டுக் கொழுப்பு மாத்திரையை, அதாவது ஸ்டாட்டினைச் சேர்ப்பது மூன்றாவது. பெரும்பாலானவர்களுக்கு முதல் வழியும் மூன்றாவதும்தான் பொருந்தும். இரண்டாவது சிலருக்கு மட்டும். ஆனால் ‘ஆஸ்பிரின் ரத்தக்குழாய்க்கு நல்லது’ என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்று பார்க்காமல் மீதியை முடிவு செய்ய முடியாது.

குழாய்க்குள் நடப்பது

ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகச் செல்கள் பரவியிருக்கின்றன, எண்டோதீலியம் என்பார்கள். ரத்தம் வேகமாக உரசிப் போகும்போது இந்த அடுக்கு நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும், சுற்றியுள்ள தசை தளரும், குழாய் விரியும். இதே அடுக்கு ப்ரோஸ்டாசைக்ளினையும் தயாரிக்கிறது. அதுவும் குழாயை விரிக்கும், தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்கள்) ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் இழுப்பது த்ராம்பாக்சேன். பெரும்பகுதி தட்டணுக்களில் இருந்து வரும் இந்தப் பொருள் குழாயைச் சுருக்கும், தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்.

பிரஷர் பல வருடம் ஏறியே இருந்தால் சுருங்கும் பக்கம் கை ஓங்கிவிடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைவாக உருவாகும். உருவானதிலும் ஒரு பகுதியை சூப்பராக்சைடு அழித்துவிடும். காக்ஸ் என்ற நொதி வழியாகச் சுருக்கும் பொருள்கள் கூடுதலாக வரும். இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபானோ தாதேயின் குழு 1990களில் இதைக் காட்டியது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களின் கைத் தமனியில், குழாயை விரியத் தூண்டும் அசிட்டைல்கோலினைச் செலுத்தியபோது முன்கையின் ரத்த ஓட்டம் கூட வேண்டிய அளவு கூடவில்லை. காக்ஸை அடைக்கும் இண்டோமெத்தசினைச் சேர்த்துக் கொடுத்ததும் ஓட்டம் மேம்பட்டது. ஆஸ்பிரின் அடைப்பதும் காக்ஸைத்தான். எனவே ஆஸ்பிரினும் குழாயைத் தளர்த்தும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. கொழுப்பு படிந்த தமனி உள்ளவர்களிடம் அது விரியும் திறனைக் கூட்டியதாகச் சிறு ஆய்வுகளும் வந்தன.

இந்த விரியும் திறனை அளக்கும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் செய்தியில் வரும் ‘ஆஸ்பிரின் ரத்தக்குழாயைச் சீராக்குகிறது’ என்ற வரி பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது. முன்கையில் பட்டையைக் கட்டி, மேல் பிரஷரைவிட 50 புள்ளி கூடுதலாகக் காற்றடித்து, 5 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைப்பார்கள். பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் பாய்ந்து வரும். அப்போது முழங்கைக்குச் சற்று மேலே உள்ள தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். 4 மி.மீ. விட்டமுள்ள தமனி 5 சதவீதம் விரிந்தால் 0.2 மி.மீ. சோதனைக்கு முன் குடித்த காபி, பிடித்த சிகரெட், அறையின் குளிர், கருவியைப் பிடித்த கையின் சிறு நகர்வு, எல்லாமே இந்த அளவை மாற்றிவிடும். இருபது முப்பது பேரை வைத்துச் செய்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததில் ஆச்சரியம் இல்லை.

அப்படியே விரியும் திறன் கூடினாலும் பிரஷர் மீட்டரில் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. பிரஷரை முக்கியமாக நிர்ணயிப்பவை வேறு: சிறுநீரகம் தேக்கிவைக்கும் உப்பும் நீரும், குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோன், சிறு தமனிகளை இறுக்கும் நரம்புகள், வயதோடு விறைத்துப்போன பெரிய தமனி. த்ராம்பாக்சேன் அந்தக் கூட்டத்தில் சின்ன ஆள். அதனால்தான் ஆஸ்பிரின் பிரஷர் மாத்திரை ஆகவில்லை. அதன் உண்மையான வேலை கொழுப்புத் திட்டு கிழிந்த இடத்தில் தட்டணுக்கள் குவிந்து குழாயை அடைப்பதைத் தடுப்பது.

அளவு விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. தட்டணுவுக்குக் கரு கிடையாது. ஆஸ்பிரின் அதன் காக்ஸ்-1 நொதியில் ஓர் அசிட்டைல் துணுக்கை ஒட்டிவிட்டால், அந்தத் தட்டணு சாகும்வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை, த்ராம்பாக்சேன் தயாரிக்காது. குடலில் இருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தத்திலேயே இந்த வேலை பெருமளவு முடிந்துவிடும். பிறகு கல்லீரல் ஆஸ்பிரினில் கணிசமான பங்கை உடைத்துவிடுவதால், உடலெங்கும் உள்ள உட்சுவருக்குப் போய்ச் சேர்வது குறைவு. உட்சுவர்ச் செல்லுக்குக் கரு இருப்பதால் அடைபட்ட நொதிக்குப் பதில் புதியதை அதுவே செய்துகொள்ளும். சின்ன அளவில் த்ராம்பாக்சேன் அடங்குகிறது, ப்ரோஸ்டாசைக்ளின் பெரிதாகக் குறைவதில்லை. அளவைக் கூட்டக் கூட இந்த அனுகூலம் போய்விடுகிறது. 300 மி.கி.க்கு மேல் தினமும் போனால் சிறுநீரகத்தில் உப்பை வெளியேற்ற உதவும் ப்ரோஸ்டாகிளாண்டினும் குறையும், எனாலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையின் வேலையும் மங்கலாம். 75 போதும் என்னும்போது ‘கூடப் போட்டால் கூடப் பலன்’ என்று நினைப்பது நேர்மாறான விளைவைத் தரும்.

ஆஸ்பிரின் சேர்ப்பதா, வேண்டாமா

பிரஷர் நோயாளிகளிடம் நடந்த ஆஸ்பிரின் ஆய்வுகளில் பெரியது ‘ஹாட்’. 26 நாடுகளில் 18,790 பேர், வயது 50 முதல் 80, கீழ் பிரஷர் 100 முதல் 115. முடிவுகள் 1998-இல் வெளியாயின. எல்லோருக்கும் ஃபெலோடிபினை அடிப்படையாக வைத்துப் பிரஷரைக் குறைத்தார்கள். பாதிப் பேருக்கு 75 மி.கி. ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. சராசரியாக 3.8 வருடத்தில் ஆஸ்பிரின் பக்கம் 82 பேருக்கு மாரடைப்பு, மற்றப் பக்கம் 127 பேருக்கு. பக்கவாதத்தில் வித்தியாசமே இல்லை. உயிர் போகாத பெரிய ரத்தக்கசிவு ஆஸ்பிரின் பக்கம் 129, மற்றப் பக்கம் 70. தடுத்தது 45 மாரடைப்பு, கூட்டியது 59 ரத்தக்கசிவு. மருந்துக் கம்பெனி விளம்பரம் ‘மாரடைப்பு 36 சதவீதம் குறைவு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால்தான் பேரம் புரியும்.

மாரடைப்பும் வயிற்று ரத்தக்கசிவும் சமமா என்று கேட்பது நியாயம். மாரடைப்பில் செத்த இதயத் தசை திரும்ப வராது. வயிற்றுக் கசிவில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். அந்தக் காரணத்தால் 2000களில் ஆஸ்பிரினுக்கு ஆதரவு கூடுதலாக இருந்தது. ஆனால் ‘ஹாட்’ நடந்த காலத்தில் ஸ்டாட்டின் இன்றைப் போலப் பரவலாக இல்லை. ஸ்டாட்டினும் நல்ல பிரஷர் கட்டுப்பாடும் வந்த பிறகு, ஆஸ்பிரின் தடுக்க மிஞ்சியிருக்கும் மாரடைப்பே குறைந்துபோனது. ரத்தக்கசிவு குறையவில்லை.

பிந்தைய ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. ஜப்பானில் பிரஷர், கொழுப்பு, சர்க்கரை இவற்றில் ஏதாவது இருந்த 60 முதல் 85 வயதுள்ள 14,464 பேரிடம் தினம் 100 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவு: 5 வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதயம் சார்ந்த மரணம் மூன்றும் சேர்த்து 2.77 சதவீதம், ஆஸ்பிரின் இல்லாதவர்களிடம் 2.96. புள்ளியியல் கணக்கில் இரண்டும் ஒன்றே. பலன் தெரிய வாய்ப்பில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2018-இல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,114 பேரை வைத்து நடந்த ‘ஆஸ்ப்ரீ’ வந்தது. அவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. இதய நோய் குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவு வருடத்துக்கு ஆயிரம் பேரில் 6.2-இல் இருந்து 8.6-ஆகக் கூடியது. ஆயிரம் பேர் 5 வருடம் போட்டால் கூடுதலாகச் சுமார் 12 பேருக்கு மூளையிலோ வயிற்றிலோ பெரிய கசிவு என்று பொருள்.

இதனால்தான் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இல் தன் பரிந்துரையை மாற்றியது: 60 வயதுக்கு மேல் இதய நோய் இல்லாதவர் புதிதாக ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டாம். 40 முதல் 59 வரை, அடுத்த 10 வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருந்து, ரத்தக்கசிவு அபாயமும் குறைவாக இருந்தால், மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவு செய்யலாம்.

சர்க்கரையும் சேர்ந்திருந்தால்? ‘அசெண்ட்’ ஆய்வில் 15,480 சர்க்கரை நோயாளிகளிடம், சராசரி 7.4 வருடத்தில், பெரிய ரத்தக்குழாய்ப் பாதிப்பு 9.6 சதவீதத்தில் இருந்து 8.5-ஆகக் குறைந்தது, பெரிய ரத்தக்கசிவு 3.2-இல் இருந்து 4.1-ஆகக் கூடியது. வாங்கியதும் கொடுத்ததும் ஏறக்குறைய சமம். ஐம்பது வயதுக்காரர், பிரஷர், சர்க்கரை, புகை மூன்றும் உண்டு, அண்ணனுக்கு 45-இல் மாரடைப்பு, வயிற்றுப்புண் வந்ததே இல்லை. இப்படிப்பட்டவருக்கு ஆஸ்பிரின் பற்றிப் பேசலாம். இதயத் தமனியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று காட்டும் சி.டி. ஸ்கேனில் மதிப்பெண் 100-க்கு மேல் வந்தால் தராசு ஆஸ்பிரின் பக்கம் சாயும். பூஜ்ஜியம் என்றால் எதிர்ப்பக்கம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பலன் கூடுதல் என்று ‘ஹாட்’ ஆய்வின் உட்பிரிவு காட்டுகிறது, ஆனால் அதே ஆட்களுக்குத்தான் ரத்தமும் எளிதில் கசியும். அந்த முடிவைச் சிறுநீரக மருத்துவரிடம் விடுவது நல்லது.

அதே காசுக்கு வேறென்ன கிடைக்கும்

ஆஸ்பிரினை ஒன்றுமில்லாததோடு ஒப்பிட்டால் மட்டும் போதாது, அதன் இடத்தில் வைக்கக்கூடிய மற்றவற்றோடும் ஒப்பிட வேண்டும். மேல் பிரஷரை 10 புள்ளி குறைத்தால் பக்கவாதம் 27 சதவீதம், மாரடைப்பு போன்ற இதயத்தமனி நோய் 17 சதவீதம், இதயச் செயலிழப்பு 28 சதவீதம் குறைகிறது என்று 2016-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு கணக்கிட்டது. அந்த 10 புள்ளி கிட்டத்தட்ட ஒரே ஒரு பிரஷர் மாத்திரையின் வேலை. இந்த மூன்றில் மாரடைப்பைத் தவிர மற்றவற்றை ஆஸ்பிரின் தொடுவதில்லை. முக்கியமாகப் பக்கவாதத்தில் ‘ஹாட்’ முடிவு பூஜ்ஜியம். மேல் பிரஷர் 150-இல் நிற்கிறது, கூடவே ஆஸ்பிரின் போடுகிறேன் என்பவர், அடுத்த பிரஷர் மாத்திரையின் இடத்தில் ஆஸ்பிரினை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தியர்களுக்கு நெருக்கமான ஒப்பீடு ‘டிப்ஸ்-3’. இதில் கலந்துகொண்ட 5,713 பேரில் ஏறக்குறைய பாதி இந்தியர்கள். சிம்வாஸ்டாட்டின், அட்டெனலால், ஹைட்ரோகுளோரோதையாசைடு, ராமிப்ரில் நான்கையும் ஒரே மாத்திரையில் அடக்கிக் கொடுத்தபோது சராசரி 4.6 வருடத்தில் இதயப் பாதிப்பு 5.5-இல் இருந்து 4.4 சதவீதமாகக் குறைந்தது. ஆஸ்பிரின் 75 மட்டும் தனியாகக் கொடுத்தபோது 4.7-இல் இருந்து 4.1, இந்தக் குறைவு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது 5.8-இல் இருந்து 4.1. இதை வைத்து ‘சேர்த்தே போடலாமே’ என்று வாதிடுபவர்கள் உண்டு, அந்த வாதம் வெறும் பேச்சல்ல. ஆனால் அந்த ஆய்வில் ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களை முதலிலேயே விலக்கியிருந்தார்கள். நம் ஊரில் வயிற்றுப்புண்ணும் அதற்குக் காரணமாகும் ஹெலிகோபாக்டர் கிருமியும் சாதாரணம்; மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் அப்படித்தான்.

‘ரத்தக்குழாயின் உட்சுவர் நன்றாக இருக்க வேண்டும்’ என்பதுதான் நோக்கமென்றால் அதற்கும் ஆஸ்பிரின் முதல் தேர்வு அல்ல. ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகை மாத்திரைகளும் ஸ்டாட்டினும் விரியும் திறனை மேம்படுத்துகின்றன, கூடவே தங்கள் மற்ற வேலையையும் செய்கின்றன. வாரத்தில் 5 நாள் அரை மணி வேகநடையும் அதையே செய்கிறது. ரத்தம் உரசிப் போவதுதான் நைட்ரிக் ஆக்சைடுக்கான தூண்டுதல் என்பதை மேலே பார்த்தோம். உப்பு உலக சுகாதார நிறுவனம் சொல்வதுபோல நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகப் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை ஒழுங்காக எடுக்காமல் கடையில் ஆஸ்பிரின் வாங்கிப் போடுவது தலைகீழான ஏற்பாடு.

ஆஸ்பிரின் வேண்டியவர்கள்

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர், அடைப்பினால் பக்கவாதம் வந்தவர் இவர்களுக்கு மேலே சொன்ன தயக்கம் எதுவும் பொருந்தாது. பல ஆய்வுகளைச் சேர்த்த 2009 தொகுப்பில், இப்படிப்பட்டவர்களிடம் மறுபடியும் பெரிய பாதிப்பு வருவது வருடத்துக்கு 8.2 சதவீதத்தில் இருந்து 6.7-ஆகக் குறைந்தது. நோய் வராதவர்களிடம் அதே ஆஸ்பிரின் குறைத்தது 0.57-இல் இருந்து 0.51. ஒரு பக்கம் நூற்றுக்கு ஒன்றரைப் பேர், மறு பக்கம் ஆயிரத்துக்கு அரைப் பேர்.

இங்கே ஒப்பிட வேண்டியது ஆஸ்பிரினா, தட்டணுக்களைத் தடுக்கும் இன்னொரு மருந்தான க்ளோபிடோக்ரெலா, இரண்டுமா என்பது. மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தால் வழக்கமாக ஒரு வருடம் இரண்டும், அதன் பிறகு ஒன்று. சின்ன பக்கவாதம் வந்து சரியானவருக்கு 21 நாள் இரண்டும், பிறகு ஒன்று. ‘இரண்டும்’ என்று ஆரம்பித்து எப்போது ஒன்றாக்குவது என்று சீட்டில் எழுதாமல் விடுவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு. டிஸ்சார்ஜ் தாளில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். மூளையில் ரத்தம் கசிந்து வந்த பக்கவாதம் வேறு கதை. ஆஸ்பிரின் அங்கே தானாக வராது. பிரஷரால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தவருக்கு ஆஸ்பிரின் போதாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோ அபிக்ஸாபான் வகையோதான் பக்கவாதத்தைத் தடுக்கும்.

கர்ப்பிணிகள் தனி வகை. கர்ப்பகால ரத்தக்கொதிப்பில் நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்களில் த்ராம்பாக்சேன் கூடி, ப்ரோஸ்டாசைக்ளின் குறைகிறது. ஆஸ்பிரினின் குழாய்க் கணக்கு நேரடியாகப் பலன் தரும் இடம் இதுதான். 2017-இல் வந்த ‘ஆஸ்ப்ரே’ ஆய்வில், அபாயம் கூடுதலாக இருந்த பெண்களுக்கு 11–14 வாரத்தில் தொடங்கி 36 வாரம் வரை தினம் இரவு 150 மி.கி. கொடுத்தார்கள், 37 வாரத்துக்கு முன் பிரசவத்தைக் கட்டாயமாக்கும் ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) 4.3 சதவீதத்தில் இருந்து 1.6-ஆகக் குறைந்தது. 16 வாரம் தாண்டி ஆரம்பித்தால் பலன் குறையும். ஆகவே முதல் ஸ்கேனின்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அல்ல, மகப்பேறு மருத்துவர் அபாயம் பார்த்து எழுதுவது.

போடுவது என்று முடிவான பிறகு

முதலில் பிரஷர், பிறகு ஆஸ்பிரின். பிரஷர் 150/90-க்குக் கீழ் வந்த பிறகே ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டும் என்ற விதி பிரிட்டனில் பல வருடம் வழக்கில் இருந்தது. காரணம் எளிது: உயர்ந்த அழுத்தம் மூளையின் சிறு தமனியைக் கிழிக்கும்போது, ஆஸ்பிரின் அந்தக் கிழிசலை அடைக்க வரும் தட்டணுக்களைக் கட்டிப்போடுகிறது. பிரிட்டனில் ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் மேல் பிரஷர் 130-க்குக் கீழ் இருந்தவர்களிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. 145-க்கு மேல் இருந்தவர்களிடம் தெரியவில்லை.

அளவு 75 முதல் 100. இதய நோய் உள்ள 15,076 பேரிடம் 81-ஐயும் 325-ஐயும் ஒப்பிட்ட 2021 ஆய்வில் பலனில் வேறுபாடு இல்லை. 325 கொடுக்கப்பட்டவர்களில் 41.6 சதவீதத்தினர் தாங்களாகவே 81-க்கு இறங்கிவிட்டார்கள்.

குடலில் கரையும் பூச்சு மாத்திரையா, சாதா மாத்திரையா? பூச்சு போட்டது வயிற்றுக்குப் பத்திரம் என்ற நம்பிக்கை பரவலானது. எரிச்சல் கொஞ்சம் குறையலாம்; பெரிய ரத்தக்கசிவு குறைவதில்லை, ஏனென்றால் வயிற்றின் காப்புப் படலத்தைத் தயாரிக்கும் ப்ரோஸ்டாகிளாண்டினை ஆஸ்பிரின் ரத்தம் வழியாகவும் குறைக்கிறது. கசிவைக் குறைப்பது பாண்டப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை. 65 தாண்டியவர், புண் வந்தவர், க்ளோபிடோக்ரெலும் சேர்த்து எடுப்பவர் இவர்களுக்கு அது தேவை. க்ளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு ஒமிப்ரசோலைவிட பாண்டப்ரசோல் நல்லது. ஒமிப்ரசோல் க்ளோபிடோக்ரெலைச் செயலூட்டும் கல்லீரல் நொதியை மட்டுப்படுத்திவிடும். புண் வந்தவர் ஆஸ்பிரினுக்கு முன் ஹெலிகோபாக்டர் சோதனையும் செய்துகொள்ளலாம்.

காலையா, இரவா? ஸ்பெயினின் வீகோவில் நடந்த ஆய்வுகள், படுக்கும் முன் 100 மி.கி. எடுத்தால் பிரஷர் 7/5 புள்ளி அளவுக்குக் குறைகிறது என்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நெதர்லாந்தின் லைடனில் ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுத்துவந்த 290 பேரைக் காலை, இரவு என்று மாற்றி மாற்றிப் பார்த்தபோது 24 மணி நேரப் பிரஷரில் வித்தியாசம் இல்லை. காலை நேரத்தில் தட்டணுக்கள் ஒட்டும் போக்கு மட்டும் இரவு எடுத்தவர்களிடம் சற்றுக் குறைந்தது. இரவு எடுப்பதில் தவறில்லை, பிரஷர் குறையும் என்று எடுக்க வேண்டாம். மறக்காத நேரம் எதுவோ அதுவே சரி.

வலி மாத்திரைதான் அதிகம் சொதப்பும் இடம். ஐபுப்ரோஃபென் தட்டணுவின் நொதியில் போய் உட்கார்ந்துகொண்டால் ஆஸ்பிரினால் உள்ளே நுழைய முடியாது. ஐபுப்ரோஃபென் பிறகு விலகிப்போகும், ஆஸ்பிரினோ அதற்குள் ரத்தத்தில் இருந்து மறைந்திருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டல்: சாதா ஆஸ்பிரின் எடுத்து 30 நிமிடம் கழித்தோ, ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரம் முன்போ ஐபுப்ரோஃபென் எடுக்கலாம். பூச்சு மாத்திரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது எப்போது கரையும் என்று சொல்ல முடியாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் எல்லாமே பிரஷரையும் ஏற்றும். டெல்மிசார்ட்டன் அல்லது ராமிப்ரிலோடு, நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் மேலே டைக்ளோஃபெனாக்கையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென மக்கர் செய்யும். மூட்டுவலிக்குப் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கறுப்பாகத் தார்போல மலம் போனால், காரணமில்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் வந்தால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை, வருமுன் காக்க மட்டும் எடுப்பவர் ஆஸ்பிரினை நிறுத்திவைக்கலாம். ஸ்டென்ட் உள்ளவர் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. பல் பிடுங்குவதற்குப் பொதுவாக 75 மி.கி.யை நிறுத்த வேண்டியதில்லை, பஞ்சை அழுத்திக் கடித்தாலே நின்றுவிடும். ஆஸ்துமாவோடு மூக்கில் சதை வளர்ந்திருப்பவர் ஆஸ்பிரின் எடுத்தால் மூச்சு இழுக்கலாம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். சின்ன அளவு ஆஸ்பிரின் யூரிக் அமிலத்தைச் சற்று ஏற்றும். நீர் பிரியும் மாத்திரையான தையாசைடும் சேர்ந்தால் காலின் கட்டைவிரல் மூட்டு வீங்கலாம்.

நெஞ்சுவலி வந்த நேரம் இந்த எல்லாக் கணக்கில் இருந்தும் விலக்கு. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்குவது வழக்கம். 75 என்றால் நான்கு. மெல்வதே முக்கியம், பூச்சு உடைந்தால்தான் சீக்கிரம் சேரும். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பிரஷர் நோயாளிக்கு இரண்டு விதிவிலக்கு: வலி முதுகைக் கிழிப்பதுபோல வந்தால் பெருந்தமனி கிழிந்திருக்கலாம், வாய் கோணி, கை துவண்டால் அடைப்பா கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுக்கும்வரை தெரியாது. இரண்டிலும் வீட்டில் ஆஸ்பிரின் வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்

மாரடைப்பு, ஸ்டென்ட், அடைப்புப் பக்கவாதம் எதுவும் இல்லாமல் வருடக்கணக்கில் எடுத்துவருபவர், அதிலும் 70 தாண்டியவர், அடுத்த முறை மருத்துவரிடம் ‘இது எதற்காக எழுதியது, இன்னும் வேண்டுமா’ என்று கேட்கலாம். இவர்களுக்குப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. தினமும் சுமார் பத்தில் ஒரு பங்கு தட்டணுக்கள் புதிதாக வருவதால் தடுப்பு தானாகவே ஒரு வாரம் பத்து நாளில் விலகும். ஆனால் பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஸ்டென்ட் வைத்ததை ‘சின்ன ஆபரேஷன்’ என்று மறந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, மாத்திரைப் பட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எகோஸ்பிரின்-ஏவி 75/10 என்றிருந்தால் அது ஆஸ்பிரின் 75-உம் அட்டோர்வாஸ்டாட்டின் 10-உம் சேர்ந்தது; கோல்டு என்றிருந்தால் க்ளோபிடோக்ரெலும் உள்ளே இருக்கும். ‘ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னார்கள்’ என்று அந்தப் பட்டையைத் தூக்கிப் போட்டால் கொழுப்பு மாத்திரையும் கூடவே போய்விடும். மருத்துவர் ஆஸ்பிரின் வேண்டாம் என்றால், அட்டோர்வாஸ்டாட்டினைத் தனி மாத்திரையாக அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.